சித்தியவானிலிருந்து பங்கோர் தீவைச் சுற்ற: நண்பர்களோடு ஒரு நாள் படகுப் பயணம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பங்கோர் என்றால் பெரும்பாலோர் பெர்ரி ஏறி, தெலுக் நிப்பாவில் குளித்து, மாலை பெர்ரிக்கு ஓடி வருவதோடு சரி. ஏழெட்டு நண்பர்கள் காசு போட்டு ஒரு பைபர் படகை ஒரு நாள் எடுத்தால் தீவையே சுற்றி வரலாம். பெர்ரி நிற்காத வளைவுகளில் நங்கூரம் போடலாம், மீன் பிடிக்கலாம், கூட்டமில்லாத நேரத்தில் தண்ணீரில் இறங்கலாம்.

ஆட்கள் சேர்வது, சாப்பாடு, படகு வாடகை என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கடலைப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. வரிசையை மாற்றுங்கள். முதலில் நீரின் ஏற்றவற்றம், அடுத்து காற்று, பிறகுதான் மற்றவை.

நாள் பார்ப்பது

பங்கோர் கடலில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு 50 நிமிடம் அளவு தள்ளிப் போகும். கடற்படையின் நீர்நிலைவரைவு மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையில், பங்கோருக்கு எதிர்க்கரைத் துறைமுகமான லூமுட்டுக்குத் தனிப் பக்கம் உண்டு. அதைப் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்தின் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நேரமும் உயரமும் இரண்டுமே வேறு.

அட்டவணை கைக்கு வரும் முன்பே வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி பாதி விடையைச் சொல்லிவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் பின்னால் நீர் மிக உயர ஏறி மிகத் தாழ வற்றும். ஓட்டமும் வேகமாக இருக்கும், அடிச்சேறு கலங்கி மேலே வரும். அஷ்டமியை ஒட்டி, அதற்கு ஒன்றிரண்டு நாள் பின்பு வரை, ஏற்றமும் வற்றமும் குறைவு, ஓட்டம் மந்தம். மலாக்கா நீரிணை எப்போதும் கொஞ்சம் கலங்கலான கடல்தான். அதில் தெளிவான தண்ணீர் வேண்டுமென்றால் இந்த மந்த நாள்களில்தான் கிடைக்கும். அஷ்டமி, நவமியில் வெளியே கிளம்ப வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் தசமியில் போங்கள். அன்றும் நீர் மந்தமாகவே இருக்கும், யாருக்கும் மனக்குறை இல்லை.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவக்காற்று நிலத்தின் மேல் கடந்து வருவதால் தீவின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவாக, அமைதியாக இருக்கும். ஒரு நாளை மட்டும் தவிருங்கள். மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் திரளாக வருவார்கள். பெர்ரிகள் நிரம்பி ஓடும், ஜெட்டியில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்குக் கோயிலுக்குப் போங்கள், படகுச் சுற்றை வேறொரு நாளில் வையுங்கள்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வாடிக்கை. மே முதல் செப்டம்பர் வரை இன்னொரு ஆபத்து உண்டு. சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன்போ காலையிலோ ஒரு புயல் வரிசை நீரிணையைக் கடந்து வரும். ‘சுமத்ராக் காற்று’ என்று மீனவர்கள் சொல்வது இதைத்தான். மேற்கு அடிவானத்தில் கறுத்த வில் போல மேகம் எழும், காற்று சட்டென்று குளிரும், சில நிமிடங்களில் மணிக்கு 25 கடல்மைல் (25 நாட்) வேகத்துக்கு மேல் வீசத் தொடங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் கிளம்புவதாக இருந்தால் விடியலில் வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் ராடார் படத்தைப் பாருங்கள். மேற்கே நீளக் கோடாக மழை தெரிந்தால் ஜெட்டியிலேயே தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். அது கடந்து போன பிறகு கடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

காலையில் மேற்குக் கரை, பிற்பகலில் தீவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள கிழக்குக் கால்வாய். இந்த ஒரு முடிவு பாதி பயணத்தைக் காப்பாற்றும்.

காரணம் கடல்காற்று. நிலம் சூடேறியதும் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு மேல் கடலிலிருந்து கரை நோக்கி மேற்குக் காற்று எழும். தெலுக் நிப்பா, பாசிர் போகாக் பக்கமெல்லாம் நீரிணைக்குத் திறந்து கிடப்பதால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் மாறும். அந்த நேரத்தில் படகு தீவுக்கும் தரைக்கும் நடுவே இருந்தால் தீவின் மலையே காற்றைத் தடுத்துவிடும். மாறாக, காலையில் கால்வாயில் சுற்றிவிட்டு மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம் போகிறவர்கள்தான் நனைந்து, குமட்டி, முதுகு வலியோடு திரும்புகிறார்கள்.

காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் அதற்கு எதிராகவும் இருந்தால் அலை இரு மடங்கு கடுமையாகத் தெரியும். நீரோட்டம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, காற்று இல்லாத நேரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் மீன்பிடிப் படகுகளைப் பாருங்கள். அவற்றின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கிருந்துதான் ஓட்டம் வருகிறது. மிதவைகளின் பின்னால் இழுபடும் நுரைக்கோடும் இதையே காட்டும்.

படகும் தெக்கோங்கும்

எட்டுப் பேருக்கு 21 முதல் 24 அடி பைபர் படகு, 115 குதிரைத்திறன் அளவுள்ள வெளி என்ஜின், மேலே கூரைத்துணி. கூரைத்துணி இல்லாத படகை விலை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் வெயில் எல்லோரையும் சாய்த்துவிடும்.

உங்கள் கூட்டத்தில் யாருக்கும் படகு ஓட்டும் உரிமம் இல்லையென்றால், தெக்கோங்கோடு, அதாவது படகோட்டியோடு, சேர்த்தே எடுங்கள். கடல்துறை (ஜபாத்தான் லாவுட்) வழங்கும் உரிமம் கையில் இருப்பவர்கூட முதல் முறை இந்தக் கடலுக்கு வருகிறார் என்றால் உள்ளூர்த் தெக்கோங்கை அருகில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது. பாறையும் வலையும் எங்கே என்பது அவருக்கு மனப்பாடம்.

பேசும்போது நான்கு விஷயத்தை வாயால் கேட்டு உறுதிசெய்யுங்கள். வாடகை தலைக்கா, படகுக்கா? பெட்ரோல் அதில் அடக்கமா? எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்? வானிலை கெட்டால் முன்பணம் என்ன ஆகும்? படகின் உரிமத்தில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். எட்டு என்றால் எட்டுதான். மடியில் உட்காரும் குழந்தையும் ஓர் ஆள். எட்டுப் பெரியவர்கள் சராசரி 75 கிலோ என்றாலே 600 கிலோ ஆகிவிட்டது, அதன்மேல் ஐஸ் பெட்டி, தண்ணீர், எரிபொருள். பாரம் கூடினால் படகு அலைமேல் எழாமல் உழுதுகொண்டு போகும், பின்பக்கமாகத் தண்ணீர் ஏறும்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. போட்டு, பட்டையை இறுக்கி, இன்னொருவர் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். காதுவரை ஏறினால் அது தண்ணீரில் உங்களைக் காப்பாற்றாது, கழன்று வரும். குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டை கட்டாயம். பெரியவர்கள் அளவு ஜாக்கெட்டைக் குழந்தைக்குச் சுற்றிக் கட்டுவது வெறும் மன ஆறுதல். சரியான அளவு கிடைக்கவில்லையென்றால் நீங்களே வாங்கிப் போங்கள். தோட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் ஆற்றிலும் ஓடையிலும் குளித்துப் பழகியவர்கள், ஆழக் கடலில் நீந்தியவர்கள் அல்லர். அந்தத் துணிச்சலை நம்பி ஜாக்கெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

எரிபொருள் கணக்கு

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவைக்காமல் இருக்க. இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

115 குதிரைத்திறன் நான்கு வீச்சு (4 ஸ்ட்ரோக்) என்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதையே 15 நாட் அளவில் நிதானமாக ஓட்டினால் 20 லிட்டர் சுற்றுவட்டத்தில் நிற்கும். தீவைச் சுற்றிவர, வளைவுகளுக்குள் போய்வருவதையும் சேர்த்து 30 கிலோமீட்டர் அளவு வைத்துக்கொண்டால் ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மெதுவாக ஓடுவது, சும்மா உறுமிக்கொண்டு நிற்பது எல்லாம் சேர்த்து 35 லிட்டர். கைவைக்காத பங்கோடு சேர்த்தால் 55 லிட்டர் ஏற்ற வேண்டும். பழைய இரண்டு வீச்சு என்ஜின் என்றால் இதைவிடக் கூடுதல், அதோடு எண்ணெய் கலப்பும் உண்டு. ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் எண்ணெய்.

கயிறு அவிழ்க்கும் முன்

ஜெட்டியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் இதைச் செய்ய வேண்டும். தெக்கோங் செய்வார் என்று விட்டுவிடாமல் கூடவே நின்று பாருங்கள்.

1. படகின் பின்பக்க அடியில் தண்ணீர் வடியும் துளையின் தக்கை இறுக்கமாக இருக்கிறதா? கரையில் கழுவிவிட்டுத் தக்கையை மறப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஓடும்போது தெரியாது, நின்றதும் படகு நிரம்பும்.
2. எரிபொருள் தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் என்ஜின் நன்றாகக் கிளம்பி, பத்து நிமிடத்தில் கால்வாயின் நடுவே மூச்சடைத்து நின்றுவிடும்.
3. எரிபொருள் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையைக் கெட்டியாகும்வரை அமுக்க வேண்டும். கெட்டியாகாமலே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது.
4. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதன் பின்னால் பென்சில் பருமனில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள், குளிர்நீர் ஏறவில்லை.
5. ஓட்டுபவரின் கையிலோ இடுப்பிலோ மாட்டும் சிவப்புச் சுருள் கயிறு. அவர் விழுந்தால் அதுதான் என்ஜினை நிறுத்தும். இழுத்துப் பார்த்து, உண்மையில் நிற்கிறதா என்று சோதியுங்கள்.

கரையில் ஒருவரிடம் படகின் எண், ஆட்களின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மாலை ஐந்துக்குள் சேதி வரவில்லையென்றால் அவர் 999 அழைக்க வேண்டும். கடலில் ஆபத்து என்று சொன்னால் அந்த அழைப்பு கடலோரக் காவல் அமைப்பான மாரித்திம் மலேசியாவுக்கு மாற்றப்படும். படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அவசர அலைவரிசை 16. தொலைபேசியை நீர்புகாப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கைப்பையில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது நனைந்திருக்கும்.

ஓட்டுபவர் அன்று பியர் தொடக்கூடாது, திரும்பி வந்து கயிறு கட்டும்வரை.

வழி

காலை ஏழரைக்கு, பங்கோருக்கு எதிரே தரையை ஒட்டிய மெரினா தீவு ஜெட்டியில் கூடி எட்டுக்குக் கிளம்பலாம். லூமுட்டிலிருந்து கிளம்பினால் கால்வாயில் கூடுதல் தூரம் ஓட வேண்டும். போதாக்குறைக்குக் கடற்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறது. தளத்தை ஒட்டிய நீர்ப்பரப்பு தடைசெய்யப்பட்டது, படம் எடுக்கவும் கூடாது.

மெரினா தீவுக்குத் தெற்கே நிலக்கரி மின்நிலையமும் தெலுக் ருபியாவின் இரும்புத்தாது முனையமும் உள்ளன. உலகின் மிகப் பெரிய தாதுக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம் அது. நகரும் கப்பலின் மூக்குக்கு முன்னால் பல நூறு மீட்டருக்கு அதன் மாலுமிக்கு எதுவும் தெரியாது, அவரால் நிறுத்தவும் முடியாது. முன்னால் குறுக்கிடாமல் பின்னால் சுற்றிப் போங்கள். பெர்ரிகளுக்கும் இதே மரியாதை. குறுகலான கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைந்த படகு பெரிய கலங்களுக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்பது பன்னாட்டு விதி. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருகையில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும்.

இணையத்தில் மெக்சிகோ வளைகுடாக்களில் படகோட்டும் காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கண்டங்களில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்கும். மலேசியாவில் நேர் எதிர்: உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். தலைகீழாக நினைத்து ஓட்டினால் நேரே மேட்டில் போய் ஏறுவீர்கள்.

கால்வாயைக் கடந்து தெற்கே இறங்கினால் வலப்புறம் தெலுக் கெடோங். டச்சுக்காரர்கள் 1670-இல் ஈயம் சேமிக்கக் கட்டிய கோட்டையின் செங்கல் சுவர்கள் அங்கே இருக்கின்றன, கடலுக்கு மிக அருகில். இந்தத் தீவின் பெயரைத் தாங்கிய 1874 ஜனவரி 20 உடன்படிக்கையும் இந்தக் கடலில் நின்ற ஆங்கிலேயர் கப்பலில்தான் கையெழுத்தானது. அதன் பிறகு பேராக்கில் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது, தோட்டங்கள் வந்தன, நம் பாட்டன் பூட்டன்களும் வந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இங்கே சற்று மெதுவாக ஓட்டி இதைச் சொல்ல வேண்டும்.

தென்முனையைத் திரும்பியதும் பங்கோருக்கும் பங்கோர் லாவுட்டுக்கும் நடுவே போவீர்கள். பங்கோர் லாவுட் தனியார் விடுதித் தீவு, விருந்தினர் அல்லாதவர் கரையிறங்க முடியாது. அடுத்து பாசிர் போகாக். நீண்ட கரை, நீர்விளையாட்டுப் படகுகள் அதிகம், நிற்க வேண்டாம். தெலுக் கெத்தாப்பாங் ஆமை முட்டையிடும் கரையாகப் பேர் பெற்றது. அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

ஒன்பது, ஒன்பதரைக்கு தெலுக் நிப்பா. எதிரே கியாம், மெந்தாகோர் என்று இரண்டு குட்டித் தீவுகள். நாளின் பெரும் பங்கை இங்கேயே செலவிடுங்கள். கியாமுக்கும் கரைக்கும் நடுவே ஆழம் குறைவு, கல் அதிகம். என்ஜினைப் பாதி தூக்கி, நடக்கும் வேகத்தில், மூக்கில் ஒருவர் நின்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லச் சொல்லப் போக வேண்டும். வெயில் பின்னால் இருந்தால் கல் தெரியும், எதிரே இருந்தால் வெறும் பளபளப்புதான் தெரியும். முகமூடி போட்டு மீன் பார்க்க ஏற்ற நேரம், ஏற்றம் உச்சிக்கு வந்து நீர் நிற்பதற்கு அரை மணி முன்னும் பின்னும். ஓட்டம் நின்றுவிடுவதால் கலங்கல் அடங்கும். நீந்துபவரும் இழுபட மாட்டார்.

பதினொன்றரைக்கு மேல் வடக்கே கிளம்பி, தெலுக் டாலாம் வளைவில் சாப்பாடு. ஒரு மணிக்குள் வடமுனையைத் திரும்பிவிட்டால் கடல்காற்று எழும்போது நீங்கள் மறைவில் இருப்பீர்கள். கிழக்குக் கரையில் சுங்கை பினாங் கெச்சில், சுங்கை பினாங் பெசார், பங்கோர் பட்டணம் என்று மீனவர் குடியிருப்புகள் வரிசையாக வரும். இழுவைப் படகுகள் கிளம்பும் இடம் என்பதால் வலைக் கயிறுகளும் மிதவைகளும் எங்கும் கிடக்கும். பட்டணத்தில் கட்டிவிட்டு நெத்திலி, மீன் சாத்தே வாங்கிக்கொண்டு மூன்றரை, நாலுக்கு மெரினா தீவு.

புலாவ் செம்பிலான் தீவுகளையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். திறந்த கடல், நெடுந்தூரம், நடுவில் ஒதுங்க இடமில்லை. அது தனிப் பயணம், தனி ஏற்பாடு.

நங்கூரம்

இந்தப் பயணத்தில் அதிகம் பிழைபடும் வேலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

பங்கோரின் வளைவுகளில் அடி மணலும் சேறும். மடங்கும் தட்டை நாக்கு கொண்ட டான்ஃபோர்த் வகை நங்கூரம் இதற்கு நன்றாகப் பிடிக்கும். 22 அடிப் படகுக்கு 6 முதல் 8 கிலோ, அதோடு 5 மீட்டர் சங்கிலி, பிறகு 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு 50 மீட்டர். சங்கிலி இல்லாமல் கயிற்றை நேராக நங்கூரத்தில் கட்டியிருக்கும் வாடகைப் படகுகள் உண்டு. நங்கூரத்தின் தண்டு தரையோடு படிந்து கிடந்தால்தான் நாக்கு மண்ணைக் கவ்வும். சங்கிலியின் கனம்தான் தண்டைப் படிய வைக்கிறது. அது இல்லாவிட்டால் அலை ஒவ்வொன்றும் நங்கூரத்தைப் பிடுங்கி எடுக்கும்.

எவ்வளவு கயிறு விட வேண்டும் என்பதற்கு ஆழத்தை மட்டும் பார்த்தால் தப்பு. ஆழம், இனி ஏறப்போகும் நீர், படகு மூக்கின் உயரம் மூன்றையும் கூட்டி ஐந்தால் பெருக்குங்கள். இப்போது ஆழம் 3 மீட்டர், இன்னும் 2 மீட்டர் ஏறும், மூக்கு நீரிலிருந்து 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. ஐந்தால் பெருக்க 30 மீட்டர். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. ஆழம் மூன்றுதானே என்று 10 மீட்டர் கயிறு விட்டவரின் படகுதான், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாறையை நோக்கி நகரும்.

போடும் முறை: காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து, படகு முழுதும் நின்ற பிறகு நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள், வீச வேண்டாம். படகு தானாகப் பின்வாங்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முழுதும் விட்டதும் கட்டிவிட்டு, என்ஜினைப் பின்னோக்கி மெல்ல அரை நிமிடம் ஓட்டுங்கள். கயிற்றில் கை வைத்தால் இறுகிய நடுக்கம் மட்டும் தெரிய வேண்டும். விட்டுவிட்டுத் துள்ளினால் நங்கூரம் உழுதுகொண்டிருக்கிறது, எடுத்து மறுபடி போடுங்கள். பிறகு கரையில் ஒரு மரம், அதன் பின்னால் ஒரு கூரை என்று இரண்டு பொருளை ஒரே கோட்டில் பார்த்து வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அந்தக் கோடு விலகியிருந்தால் நகர்ந்துவிட்டீர்கள். பவளத்தின் மேல் போடாதீர்கள். கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது பவளமும் கல்லும், வெளிறித் தெரிவது மணல்.

மணலில் மூக்கை ஏற்றி நிறுத்துவது எளிதாகத் தெரியும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். வற்றும் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. மொத்த வற்றம் 2.4 மீட்டர் என்று வையுங்கள்: முதல் மணியில் 20 சென்டிமீட்டர், இரண்டாம் மணியில் 40, மூன்றிலும் நான்கிலும் தலா 60, ஐந்தில் 40, ஆறில் 20. முதல் மணியில் ஒன்றும் ஆகவில்லை என்று சாப்பிட உட்கார்ந்தால், மூன்றாம் மணியில் படகு காய்ந்து கிடக்கும். முக்கால் டன்னுக்கு மேல் எடையுள்ள படகை எட்டுப் பேர் தள்ளினாலும் அசையாது, அடுத்த ஏற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான். கரையேற வேண்டுமென்றால் நீர் ஏறும் நேரத்தில் ஏறுங்கள், பின்பக்க நங்கூரம் ஒன்று போட்டு ஒருவர் படகிலேயே இருக்கட்டும்.

நடுக்கடலில் கோளாறு வந்தால்

பீய்ச்சும் நீர் நின்று எச்சரிக்கை ஒலி வந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக் பைதான் காரணம். என்ஜினை அணைத்து, தூக்கி, நீர் உறிஞ்சும் சல்லடையைத் துடைத்துவிட்டு, கால் மணி ஆறவிட்டுக் கிளப்புங்கள். சுழலியில் வலைக்கயிறு சுற்றினால் சாவியைக் கையில் எடுத்த பிறகே கத்தியை எடுங்கள். சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் திருப்பி, மிச்சத்தை அறுக்க வேண்டும். தோட்டத்தில் போடும் தடித்த கையுறை இதற்கு மிகப் பொருத்தம். இரண்டிலும் முதல் வேலை நங்கூரத்தைப் போடுவது. என்ஜின் இல்லாத படகு நீரோட்டத்தில் எங்கு போகும் என்று சொல்ல முடியாது.

ஆள் விழுந்தால், ஒருவர் அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. இன்னொருவர் மிதவை வளையத்தை வீசட்டும். ஓட்டுபவர் விழுந்த பக்கமாகவே திருப்ப வேண்டும், அப்போதுதான் சுழலி அவரைவிட்டு விலகும். காற்றுக்கு எதிராக நெருங்கி, கை எட்டும் தூரத்தில் என்ஜினை அணைத்துவிட்டுத் தூக்குங்கள்.

சொறிமுட்டை (ஜெல்லி மீன்) கொட்டினால் வினிகரை அரை நிமிடம் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். மணலால் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் விஷத்தைக் கூட்டும். திருக்கை குத்தினால் 45 டிகிரி அளவில் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், காயத்தை அதில் மூழ்க வைக்க வேண்டும். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் தேநீருக்கு மட்டுமல்லாமல் இதற்காகவும் வையுங்கள். இரண்டுக்குமே பிறகு மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

சாப்பாடும் வயிறும்

குமட்டல் மாத்திரை படகு ஆடத் தொடங்கியபின் வேலை செய்யாது, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்று மருந்தகத்தில் கேளுங்கள், தூக்கம் வரும் என்பதால் ஓட்டுபவர் போடக்கூடாது. காலையில் இட்லியோ ரொட்டியோ போதும். சம்பல் வழியும் நாசி லெமாக்கை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் புளிச்சோறு, அவித்த முட்டை, ஊறுகாய். சூட்டில் கெடாது, கையால் சாப்பிட எளிது. தேங்காய்ப்பால் சேர்ந்தவையும் தயிர்ச்சோறும் ஐஸ் பெட்டிக்குள் இருந்தால் மட்டுமே. தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர்.

படகில் கழிப்பறை இருக்காது என்பதைப் பெண்களிடமும் வயதானவர்களிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மெரினா தீவிலும் தெலுக் நிப்பாவிலும் வசதி உண்டு. அதை அறியாமல் தண்ணீரே குடிக்காமல் இருந்து வெயிலில் மயங்குபவர்கள் உண்டு. சேலை, கைலி, நீளத் துப்பட்டா வேண்டாம். தண்ணீரில் காலைச் சுற்றும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கயிறுள்ள தொப்பி.

தெலுக் நிப்பாவில் குரங்குகள் பையைத் திறந்தே எடுத்துவிடும், உணவைக் கரையில் விட்டுப் போகாதீர்கள்.

திரும்பிய பிறகு

படகு நண்பருடையது என்றால், என்ஜினின் நீர்வாயில் காதுமூடி போன்ற ரப்பர் இணைப்பை மாட்டிக் குழாய்த் தண்ணீரில் 10 நிமிடம் ஓட்ட வேண்டும். உப்பு உள்ளே காய்ந்தால் அடுத்த முறை குளிர்நீர் வழி அடைபடும். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் என்ஜினைக் கிளப்ப வேண்டும், கியரைத் தொடக்கூடாது. நங்கூரக் கயிறு, சங்கிலி, ஜாக்கெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்ட ஜாக்கெட்டின் துணி சீக்கிரம் நைந்துவிடும். தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்து, அதைச் சாவிக்கொத்திலேயே கட்டி வையுங்கள். கரையில் காத்திருந்தவருக்கு வந்துசேர்ந்த சேதியைச் சொல்லிவிட்டுக் காரை எடுங்கள், இல்லையென்றால் ஐந்து மணிக்கு அவர் 999 அழைத்துவிடுவார்.